ஜமீன்தாருக்குப் போட்ட கோடி

செத்துப் போயிருந்த ஜமீன்தார் எழுந்து உட்கார்ந்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார்.

சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி படியில் தடுக்கி விழுந்தாள். டைரக்டர் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, "யாருய்யா அவரை எழுப்பினது?" என்று கத்தினார். யாரும் எழுப்பவில்லை. மனிதருக்குத் தொண்டை வறண்டுவிட்டது, அவ்வளவுதான்.

பெண்களைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க அரை மணி நேரம் ஆனது. அப்போது பார்த்து மாரப்பன் எழுந்து நின்றார். பக்கத்துக் கிராமத்துக்காரர். சாவு வீட்டில் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று நின்று நடத்தி வைப்பவர். அந்த வேலைக்காகவே அவரையும் கூட்டத்தோடு லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள்.

"ஐயா, தெக்கால தலை வெச்சுப் படுத்த பொணம் எந்திரிச்சு உக்காரலாமுங்களா? உக்காந்துட்டு மறுபடி படுத்தா அது ரெண்டாவது எழவுங்க. மொதல்ல இருந்து எல்லாம் செய்யணும்."

"இது சினிமாப்பா," என்றார் டைரக்டர்.

"சினிமா உங்களுக்குங்க. இவங்க எல்லாம் தாலி கட்டிக்கிட்டவங்க. சும்மா அழுதுட்டு வூட்டுக்குப் போக முடியுமுங்களா?"

டைரக்டர் யோசித்தார். பிறகு ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தக் காட்சி முடிகிற வரை ஜமீன்தார் எழுந்திருக்கக் கூடாது. படுத்தபடியே டீ குடிக்கலாம், அதற்கு மாரப்பன் தடை சொல்லவில்லை. அன்று மத்தியானம் முழுக்க அந்த நடிகர் தலையை மட்டும் ஒரு சாண் தூக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள, டீ குடித்தார்.

துணிக்கடைக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

போன வாரம் பொம்மிடி ஸ்டேஷனில் துணி மூட்டையைத் தவறவிட்ட கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நீங்கள் கடையில் உட்காரவே மாட்டீர்களா?" உண்மையைச் சொன்னால், மாட்டேன். பென்னாகரம் கடைவீதியில் எங்கள் கடையில் கல்லாவில் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இருப்பார். அவருக்கு முன்னால் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், இருந்தார். நான் தெருவில் இருப்பேன். எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே என் மூக்கு போய்விடும்.

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எனக்கு இருபத்தேழோ எட்டோ. ஒகேனக்கல் போகிற சாலையில் மரங்களுக்குள்ளே வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்கு ஒரு நாள் வர்ணம் அடித்தார்கள். மறுநாள் ஜன்னலுக்கெல்லாம் லேஸ் திரை போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு கறுப்புக் கார் வந்தது. கிராமபோன், பித்தளைக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக இறங்கிற்று. அதற்குமேல் நான் எப்படிக் கடையில் உட்காருவேன்?

படத்தின் பெயர் வேண்டாம். சொன்னாலும் உங்களுக்கு நினைவு வராது, ஒரு வாரம் ஓடிய படம். கதை மட்டும் சொல்கிறேன். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்து ஜமீன்தார் ஒருவர். அவர் மகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்த டீச்சருக்கும் அவருக்கும் யாருக்கும் தெரியாத அன்பு. ஜமீன்தார் இறந்துபோகிறார். ஊரே அழுகிறது. டீச்சர் மட்டும் அழக் கூடாது. அழுதால் தெரிந்துவிடும். மிச்சப் படம் முழுக்க அந்த அம்மாள் அழாமல் இருப்பதுதான் கதை.

டைரக்டர் இளவயசுக்காரர். அழகு என்றால் உயிரை விடுவார். கதாநாயகி தூணில் கை வைத்து நிற்கும்போது நெற்றியில் ஒரே ஒரு முடிக்கற்றை விழ வேண்டும் என்று ஒரு மணி நேரம் சீப்போடு நின்றார். அந்த முடி விழுந்ததும் கைதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் வேடிக்கை பார்ப்பதை விடவில்லை.

துக்கக் காட்சிக்கு வேண்டிய வெள்ளைத் துணியை எங்கள் கடையில்தான் எடுத்தார்கள். எடுத்ததை அப்படியே கொண்டுபோய் டீத்தண்ணீரில் முக்கினார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. "ஏங்க, புதுத்துணியை இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"பாய், சுத்த வெள்ளை காமிரால கண்ணைக் கூசும். பழுப்பா இருந்தாத்தான் அந்தக் காலம் மாதிரி இருக்கும்," என்றார் டைரக்டர். அன்று தெரிந்துகொண்டேன், அந்தக் காலம் டீ நிறத்தில் இருந்திருக்கிறது.

கோடி கேட்டு வந்தவர்

இங்கே கோடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்துக்கள் வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர்கள் புதுத்துணி எடுத்துவந்து இறந்தவர் மேல் போடுவார்கள். அதுதான் கோடி. ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை. போடும்போது இது இன்னார் வீட்டுக் கோடி என்று சபையில் சத்தமாகச் சொல்வார்கள். பேர் சொல்லிக் கோடி போட முடிந்தவர்தான் சொந்தம். விட்டுப்போனால் தலைமுறைக்கும் மனஸ்தாபம்.

எங்கள் ஜனத்தில் கோடி கிடையாது. இறந்தவரைச் சுற்றுகிற கபனுக்கு வெள்ளைத் துணி எடுப்பதோடு சரி. ஆனால் துணிக்கடை வைத்திருப்பதால் ஊரில் யார் வீட்டுச் சாவும் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். கோடி எடுக்க வருகிறவரிடம் கடையில் சில நடைமுறைகள் உண்டு. சிரிக்கக் கூடாது. நாலு துணியை விரித்துப் போட்டுக் காட்டக் கூடாது. "எந்த வூட்டுலங்க?" என்று மட்டும் கேட்டு, நாங்களே ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்போம். போகும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்ல மாட்டோம். வாங்குகிறவரும் கரையைப் பார்க்க மாட்டார், நெசவைப் பார்க்க மாட்டார். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

துக்கக் காட்சி எடுப்பதற்கு முதல் நாள் தெய்வானை அக்கா கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதிலேயே புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணன் வீட்டில்தான் இருந்தார்.

"தம்பி, கோடி வேட்டி ஒண்ணு வேணும்."

"எந்த வூட்டுலக்கா?"

"வேண்டப்பட்டவங்க வூட்டுல."

நான் வழக்கம்போல ஒன்றை எடுத்துச் சுற்றப் போனேன். "அது வேணாம். பச்சைக் கரை இருக்குதில்ல, ரெண்டு வெரல் அகலத்துல, அதக் குடுங்க," என்றார். கொடுத்தேன். பிரித்தார். கரையைத் தடவிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. வேறு கேட்டார். இரண்டாவதையும் முழுக்க விரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக மடித்துக்கொண்டு போனார்.

கோடிக்கு வந்து கரை பார்த்து வாங்கிய ஆளை அதற்கு முன் நான் கண்டதில்லை. யார் செத்தது என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். டீக்கடையில் கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில்கூடக் கேட்டேன். அன்று பென்னாகரத்தில் யாரும் சாகவில்லை.

யாரு வூட்டுக் கோடி?

மறுபடியும் பங்களாவுக்கு வருகிறேன்.

ஜமீன்தார் டீ குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். டைரக்டர் காமிராமேனிடம், "இவங்க என்ன செய்றாங்களோ செய்யட்டும். நீங்க நிறுத்தாதீங்க," என்றார். காமிரா ஓடத் தொடங்கியது. பெண்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். ஒகேனக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் அழுதார். யாருக்காக அழுதாரோ, உண்மையாகவே கண்ணீர் வந்தது. கதாநாயகி தூணருகே முடிக்கற்றையோடு நின்றார்.

"கோடி போடறவங்க வாங்க," என்று மாரப்பன் குரல் கொடுத்தார்.

டீயில் முக்கிய துணிகளோடு நாலைந்து பேர் வந்து போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மாரப்பன் ஏதோ ஒரு வீட்டின் பேரைச் சொன்னார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து தெய்வானை அக்கா எழுந்து வந்தார். மற்றவர்கள் எல்லாம் வெளியூர். பென்னாகரத்திலிருந்து லாரியில் ஏறியவர் அவர் ஒருவர்தான். முந்தானைக்குள்ளிருந்து அந்த வேட்டியை எடுத்தார். டீ படாத சுத்த வெள்ளை, பச்சைக் கரை. ஜமீன்தார் மார்பில் போட்டு, கால்வரை நீவிவிட்டார். கரை ஓரத்தில் மடங்கியிருந்த இடத்தைத் திரும்ப வந்து சரிசெய்தார். அழவில்லை.

மாரப்பன் பழக்கத்தில் கேட்டுவிட்டார். "யாரு வூட்டுக் கோடிங்க?"

"வூடு கீடு இல்லைங்க. எம்பேரு தெய்வானை. பேரைச் சொல்லுங்க, போதும்."

"தெய்வானை கோடி!" என்று மாரப்பன் சத்தமாகச் சொன்னார்.

டைரக்டர் "கட்" சொல்லவில்லை. காமிராவில் பிலிம் தீர்ந்து அதுவாகத்தான் நின்றது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஏனென்றால் அந்தக் கரை எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேலம் பக்கம் ஒரு நெசவாளரிடம் சொல்லி அந்தப் பச்சைக் கரையை நெய்யவைத்தவர் எங்கள் பெரியத்தா. கடையில் வைத்தும் வேறு யாரும் வாங்கவில்லை. பென்னாகரத்தில் அதைக் கட்டிய ஒரே மனிதர் அவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பெரியத்தா கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "கல்லாவுல உக்காரவே நேரம் சரியாப் போவுது, இதுல கல்யாணம் வேறயா," என்று சிரிப்பார். அத்தாவிடம் கேட்டால் முறைப்பார்.

குழாயடியில்

பங்களாவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் குழாயும். தெய்வானை அக்கா சேலையோடு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் அப்படித்தான் முழுகுவார்கள். மற்ற பெண்கள் முன்வாசலில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அது பெரியத்தாவுக்கா?" என்று கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற யாருக்கு தம்பி?"

அவரே சொன்னார். "இருவது வருசத்துக்கு மேல ஆவுது. தப்பாவெல்லாம் ஒண்ணும் இல்ல. கடைக்குப் பின்னால பள்ளிக்கூடத்துச் செவுரு இருக்குதில்ல, அங்க நின்னு பேசிக்குவோம். பேசுனது கொறச்சல்தான். மவுத்தான அன்னிக்கு அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். தூக்கிட்டுப் போனாங்க. வூட்டுக்குள்ள வந்து மொகத்த பாக்க எனக்கு என்ன மொறை இருக்குது? உங்க சனத்துல கோடி கெடையாதுன்னு தெரியும் தம்பி. எங்க சனத்துல உண்டில்ல. நான் போடணுமில்ல."

நான் அழுதுவிட்டேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. பெரியத்தா இறந்தபோது நான் அழுததைவிட அங்கே அதிகமாக அழுதேன்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, இது படத்துல வருமா?"

பயப்படுகிறார் என்று நினைத்தேன். பயப்பட வேண்டியதுதானே? படம் ஊருக்கு வந்தால் அந்தக் கரையைப் பார்த்த மாத்திரத்தில் அத்தாவுக்குத் தெரிந்துவிடும். கடைவீதிக்கே தெரிந்துவிடும். அக்காவின் அண்ணன் வாய்க்கு முந்திக் கையை ஓங்குகிற ஆள். வீட்டை விட்டு வெளியே தள்ளிவிடுவான். பள்ளிக்கூடத்து வேலைக்கும் ஆபத்து.

"நான் பாத்துக்கறேன்கா. நீங்க கவலைப்படாதீங்க," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நானும் சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்தேன்.

லாட்ஜில் ஒரு பொய்

ஷூட்டிங் முடிந்து அவர்கள் கிளம்பும் நாள் காலையில் தர்மபுரிக்குப் போய், டைரக்டர் தங்கியிருந்த லாட்ஜில் அவரைப் பிடித்தேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கெஞ்சினேன். பெரியத்தாவின் பேரைச் சொல்லவில்லை. அந்த அம்மாளின் பிழைப்பே போய்விடும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பாய், இந்தப் படத்துக்காக நான் திரைச்சீலை தேடி எத்தனை ஊர் அலைஞ்சிருப்பேன் தெரியுமா? அந்த அம்மா வந்து வேட்டியோட மடிப்பைச் சரிபண்ணுச்சே, அந்த ஒரு நிமிஷத்துக்கு அது எதுவும் ஈடு இல்ல. அதைப் போய் வெட்டச் சொல்றீங்களே."

பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெட்டணும்னு அவங்களே சொன்னாங்களா?"

"ஆமாங்க," என்றேன். தயங்காமல் வந்தது அந்தப் பொய்.

"அப்ப சரி. அவங்க துக்கம், அவங்க சொல்றதுதான்," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த வகையில் மரியாதைக்குரிய மனிதர்.

இதை நான் தெய்வானை அக்காவிடம் சொல்லவில்லை. காரியத்தைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிட்டேன், இனி எதற்கு அவருக்குச் சங்கடம் என்று விட்டுவிட்டேன். தெருவில் பார்த்தால் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

மேட்னி

அடுத்த வருடம் படம் தர்மபுரிக்கு வந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மேட்னிக்குப் போனேன். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. துக்கக் காட்சி வந்தது. பழுப்புத் துணிகள், லேஸ் திரை, தூண், முடிக்கற்றை எல்லாம் இருந்தன. அழகாகத்தான் இருந்தது. டீத் துணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சட்டென்று கறுப்புக் கார் கிளம்பிப் போய்விட்டது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

படம் விட்டு வெளியே வந்தால், பெண்கள் வரும் வழியில் தெய்வானை அக்கா நிற்கிறார். புதுச் சேலை. தலையில் பூ வைக்கவில்லை என்பதைத் தவிர விசேஷத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"தம்பி, நல்லவேளை உங்களப் பாத்தேன்," என்று வேகமாக வந்தார். "மூணு நாளா லீவு சொல்லிட்டு வரேன். மொத நாளு கண்ணு கிண்ணு மூடிட்டேனோன்னு நெனச்சேன். நேத்து முன்னால போய் உக்காந்தேன். இன்னிக்கு இமைகூடக் கொட்டல. எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குதா? நீங்க பாத்தீங்களா? எந்த எடத்துல வருது?"

என் முகத்தில் ஈயாடவில்லை. தியேட்டர் வாசலில் முறுக்கு விற்கிறவர் கூவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்திலேயே நடந்ததைச் சொன்னேன். லாட்ஜுக்குப் போனதையும், அவர் சொன்னதாக நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். "உங்க நல்லதுக்குத்தான்கா. ஊரு பார்த்தா உங்க அண்ணன் சும்மா விடுவாரா?"

"விட மாட்டான். வெளிய தள்ளுவான். தெரிஞ்சுதான் வேட்டி வாங்குனேன்," என்றார்.

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். நிறுத்தத்தில் நின்றதும் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவரும் இப்படித்தான் தம்பி. பெங்களூரு போயிடலாம், அங்க நம்மள யாருக்கும் தெரியாதுன்னு ஒருக்கா நான்தான் சொன்னேன். துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருந்தேன். உனக்கு அது நல்லதில்ல தெய்வானைன்னு அவராவே முடிவு பண்ணிட்டாரு. உனக்கு எது வேணும்னு என்ன ஒரு வார்த்த கேக்கல. உங்க வூட்டு ஆம்பளைங்க யாருமே கேக்க மாட்டீங்களா?"

பென்னாகரம் பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பஸ் கிளம்பும் வரை என் பக்கம் திரும்பவில்லை. நானும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.